லினக்ஸில் இந்தக் கார்டு ஓடுமா? பெட்டி சொல்லாததைச் சிப்பின் எண் சொல்லும்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் ப்ராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். இதனால் நல்ல நிலையில் இருக்கும் எத்தனையோ கணினிகள் இப்போது லினக்ஸ் பக்கம் வருகின்றன. அப்படி மாறுகிறவர்கள் கையோடு கணினிக்குக் கொஞ்சம் தெம்பூட்டவும் பார்க்கிறார்கள். ஒரு வைஃபை கார்டு, ஒரு எஸ்எஸ்டி அடாப்டர், எங்கோ மலிவாகக் கிடைத்த கிராபிக்ஸ் கார்டு என்று வாங்குகிறார்கள்.

கடையில் கேட்கும் முதல் கேள்வி, "இது லினக்ஸில் ஓடுமா?" சென்னை ரிச்சி தெருவில் கேட்டாலும் சரி, தெரிந்தவர்களிடம் கேட்டாலும் சரி, "ஓடும்", "ஓடாது", "டிரைவர் போட்டால் ஓடும்" என்று மூன்று விதமாகப் பதில் வரும். ஒரே கார்டைப் பற்றிய இந்த மூன்று பதிலும் உண்மையாக இருக்க முடியும். குழப்பமே அங்குதான் தொடங்குகிறது.

ஒருவருக்கு ஓடிய கார்டு இன்னொருவருக்கு ஓடாமல் போவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்த விஷயம் இல்லை. கார்டுக்குள் இருப்பது எந்தச் சிப், உங்கள் லினக்ஸின் கெர்னல் எந்தப் பதிப்பு, அந்தச் சிப்புக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேரின் கோப்பு உங்கள் வட்டில் இருக்கிறதா என்ற மூன்றும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. மூன்றையும் காசு கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடலாம்.

## டிரைவர் எங்கே இருக்கிறது?

கார்டை இயக்கும் நிரல்தான் டிரைவர். விண்டோஸில் பழகியவர்களுக்கு அது கார்டோடு சேர்ந்து வரும் பொருள். பெட்டிக்குள் ஒரு சிடி இருக்கும், இல்லையென்றால் நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். லினக்ஸில் ஏற்பாடே வேறு. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் எழுதத் தொடங்கிய கெர்னல்தான் இந்த இயங்குதளத்தின் நடுநாயகம். நினைவகம், ப்ராசஸர், செருகிய கார்டுகள் எல்லாவற்றையும் அதுதான் கையாள்கிறது. டிரைவர்களில் மிகப் பெரும்பாலானவை அந்தக் கெர்னலின் மூல நிரலுக்குள்ளேயே இருக்கின்றன. அதோடு சேர்ந்து வளர்கின்றன, அதோடு சேர்ந்தே வெளியாகின்றன. கணினியில் அவை மாட்யூல் எனப்படும் தனித்தனிக் கோப்புகளாகக் கிடக்கும். அதற்குரிய சாதனம் கண்ணில் பட்டால்தான் கெர்னல் அந்த மாட்யூலை ஏற்றிக்கொள்ளும்.

உபுண்டு, டெபியன், மின்ட், ஃபெடோரா ஆகியவற்றை வழங்கல்கள் என்கிறோம். கெர்னலின் ஏதோ ஒரு பதிப்பை எடுத்து, அதன் மேல் மற்ற மென்பொருள்களை அடுக்கித் தருகின்றன இவை. உபுண்டு 22.04 வெளியானபோது அதில் இருந்தது 5.15. உபுண்டு 24.04-ல் 6.8. டெபியன் 12-ல் 6.1, டெபியன் 13-ல் 6.12. இந்த எண்கள் முக்கியமானவை. கீழே திரும்ப வரும்.

ஆக, "இந்தக் கார்டுக்கு டிரைவர் எங்கே கிடைக்கும்?" என்று லினக்ஸில் கேட்பதால் பெரும்பாலும் பயனில்லை. "இந்தச் சிப்பைத் தெரிந்த டிரைவர் எந்தக் கெர்னல் பதிப்பில் நுழைந்தது? என்னிடம் இருப்பது அதைவிடப் புதியதா?" என்று கேட்டால் விடை கிடைத்துவிடும்.

## சிப்புக்கு ஓர் எண் உண்டு

பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் செருகும் ஒவ்வொரு கார்டும் கணினி தொடங்கும்போதே தன்னை இரண்டு எண்களால் அறிமுகப்படுத்திக்கொள்கிறது. முதலாவது தயாரிப்பாளரின் எண், இரண்டாவது சாதனத்தின் எண். ஒவ்வொன்றும் 16 பிட், அதாவது பதினாறடிமான முறையில் நான்கு இலக்கம். அந்த முறையில் 0 முதல் 9 வரையான எண்களோடு ஏ முதல் எஃப் வரையான ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களாக வரும்.

இன்டெலின் எண் 8086. அவர்கள் 1978-ல் வெளியிட்ட புகழ்பெற்ற ப்ராசஸரின் பெயரும் அதுதான். ஏஎம்டி கிராபிக்ஸ் கார்டுகளின் எண் 1002. ஏடிஐ நிறுவனத்தை ஏஎம்டி வாங்கியபோது கூடவே வந்து சேர்ந்தது. என்விடியாவுக்கு 10டிஈ. யுஎஸ்பி சாதனங்களுக்கும் இதே ஏற்பாடுதான், ஆனால் எண் ஒதுக்கீடு தனி. அதனால் ரியல்டெக் நிறுவனத்துக்குப் பிசிஐ-யில் 10ஈசி என்றும் யுஎஸ்பி-யில் 0பிடிஏ என்றும் இரண்டு எண்கள்.

கெர்னல் பார்ப்பது இந்த எண்களைத்தான். பெட்டியின் மேல் அச்சடித்த பெயர் அதற்குத் தெரியாது. ஒவ்வொரு டிரைவரும் "இந்த இந்த எண்ணுள்ள சாதனங்களை என்னால் இயக்க முடியும்" என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. செருகிய கார்டின் எண் ஏதாவது ஒரு பட்டியலில் இருந்தால் அந்த டிரைவர் ஏறும். எதிலும் இல்லையென்றால் கார்டு ஸ்லாட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

கணினியில் இதை நேரில் பார்க்கலாம். கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் ஜன்னலைத் திறந்து, எல்-எஸ்-பி-சி-ஐ என்ற ஐந்து எழுத்துகளை ஆங்கிலத்தில் சிறிய எழுத்தாகச் சேர்த்துத் தட்டுங்கள். ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடு போட்டு, என்-என்-கே என்று சேர்த்து என்டர் அழுத்துங்கள். நீளமான பட்டியல் ஒன்று வரும். இன்டெல் ஏஎக்ஸ்200 வைஃபை கார்டு உள்ள கணினியில் அதற்கான பகுதி, தமிழ் எழுத்தில் சொன்னால், இப்படி இருக்கும்:

03:00.0 நெட்வொர்க் கண்ட்ரோலர் [0280]: இன்டெல் கார்ப்பரேஷன் வைஃபை 6 ஏஎக்ஸ்200 [8086:2723]
கெர்னல் டிரைவர் இன் யூஸ்: ஐடபிள்யுஎல்வைஃபை
கெர்னல் மாட்யூல்ஸ்: ஐடபிள்யுஎல்வைஃபை

முதலில் வரும் 03:00.0 என்பது ஸ்லாட்டின் முகவரி. அடைப்புக்குள் இருக்கும் 0280, இது எந்த வகைச் சாதனம் என்று சொல்லும் வகுப்பு எண். கடைசியில் உள்ள 8086:2723-தான் நாம் தேடுவது. அடுத்த இரண்டு வரிகளை வைத்து நிலைமையை மூன்றாகப் பிரித்துவிடலாம்.

1. இரண்டு வரிகளும் இருக்கின்றன: டிரைவர் இருக்கிறது, கார்டோடு இணைந்தும்விட்டது. இதற்கு மேலும் கார்டு வேலை செய்யவில்லையென்றால் ஃபர்ம்வேரையோ அமைப்புகளையோ பார்க்க வேண்டும்.

2. "கெர்னல் மாட்யூல்ஸ்" மட்டும் இருக்கிறது, "டிரைவர் இன் யூஸ்" இல்லை: டிரைவர் கணினியில் இருக்கிறது, ஆனால் ஏறவில்லை, அல்லது ஏறியும் கார்டோடு இணைய முடியவில்லை. யாரோ தடைப்பட்டியலில் போட்டிருக்கலாம், கையொப்பமுள்ள மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் வசதி தடுத்திருக்கலாம், ஃபர்ம்வேர் கிடைக்காமல் டிரைவர் பாதியிலேயே பின்வாங்கியிருக்கலாம்.

3. இரண்டு வரிகளும் இல்லை: உங்கள் கெர்னலுக்கு இந்த எண் தெரியாது.

கார்டே பட்டியலில் இல்லையென்றால் அது நான்காவது நிலை. லினக்ஸுக்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. அதைப் பின்னால் பார்ப்போம்.

யுஎஸ்பி-யில் செருகும் சிறு சாதனங்களான டாங்கிள்களுக்குக் கட்டளை எல்-எஸ்-யு-எஸ்-பி. சில வைஃபை டாங்கிள்களில் ஒரு வினோதம் நடக்கும். செருகியவுடன் அது வைஃபையாகத் தெரியாது, சிடி டிரைவாகத் தெரியும். விண்டோஸ் டிரைவரை உள்ளேயே ஒரு சிறு வட்டு போல ஒளித்துவைத்து அனுப்புகிறார்கள். ரியல்டெக் சிப்புள்ள சில டாங்கிள்கள் இந்த நிலையில் 0பிடிஏ:1ஏ2பி என்ற எண்ணைக் காட்டும். அதை வைஃபை எண் என்று நினைத்துத் தேடினால் குழம்பிப்போவோம். யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற சிறு மென்பொருள் அதை நிஜமான நிலைக்கு மாற்றிய பிறகே உண்மையான எண் வெளிவரும்.

## ஒரே பெயர், உள்ளே வேறு சிப்

பெயரை வைத்து வாங்குவதில் உள்ள ஆபத்துக்கு டிபி-லிங்க் நிறுவனத்தின் டிஎல்-டபிள்யுஎன்722என் டாங்கிளைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனாவோடு வந்த அந்தச் சிறு வெள்ளை டாங்கிளைப் பலர் பார்த்திருப்பார்கள். அதன் முதல் பதிப்பில் இருந்தது ஏதெரோஸ் ஏஆர்9271 என்ற சிப், எண் 0சிஎஃப்3:9271. அதற்கான டிரைவர் நெடுங்காலமாகக் கெர்னலில் இருக்கிறது. சிப்புக்குள் ஓடும் ஃபர்ம்வேரின் மூல நிரல்கூட வெளியிடப்பட்டிருக்கிறது, இது மிக அபூர்வம். இணையத்தில் லினக்ஸுக்குச் சிறந்த டாங்கிள் என்று இந்த மாடலைப் புகழ்ந்து எழுதியவை பெரும்பாலும் இந்த முதல் பதிப்பைப் பற்றியவை.

இரண்டாம் பதிப்பில் சிப்பை மாற்றிவிட்டார்கள். உள்ளே வந்தது ரியல்டெக் 8188 வரிசைச் சிப், எண் 2357:010சி. மாடல் பெயர் மாறவில்லை. பழைய பரிந்துரையை நம்பிப் புதிய பதிப்பை வாங்கியவர்களுக்குக் கிடைத்தது முற்றிலும் வேறொரு சாதனம். இந்தச் சிப்புக்கும் பின்னர் கெர்னலில் ஆதரவு வந்தது, ஆனால் முதல் பதிப்பை எதற்காகத் தேடி வாங்கினார்களோ அதையெல்லாம் இதிலும் எதிர்பார்க்க முடியாது.

வித்தியாசத்தைக் காட்டுவது லேபிளில் மாடல் பெயரையும் வரிசை எண்ணையும் ஒட்டிப் பொடி எழுத்தில் அச்சடித்த "வெர்" என்ற குறிப்பு மட்டும்தான். கடையில் வாங்கினால் அந்த லேபிளைக் கட்டாயம் பாருங்கள். இணையத்தில் வாங்கினால், படத்தில் இருக்கும் பதிப்புதான் வரும் என்று நம்ப முடியாது. இது ஒரு நிறுவனத்தோடு நிற்கும் பழக்கமும் இல்லை. வைஃபை, யுஎஸ்பி ஈதர்நெட், வீடியோ கேப்சர் என்று மலிவு விலைச் சாதனங்கள் பலவற்றில் சிப் சத்தமில்லாமல் மாறும்.

## எண்ணைத் தேடவே வேண்டாத சாதனங்கள்

எல்லாவற்றுக்கும் இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. சில வகைகளுக்குத் தொழில்துறை ஒரு பொது ஒழுங்கை வகுத்திருக்கிறது. அந்த ஒழுங்கின்படி நடக்கும் எந்தச் சாதனத்தையும் ஒரே டிரைவர் இயக்கும். தயாரிப்பாளர் எண்ணைப் பார்க்காமல் வகுப்பு எண்ணை மட்டும் பார்த்தே கெர்னல் முடிவெடுத்துவிடும்.

என்விஎம்இ எஸ்எஸ்டி அப்படிப்பட்டது. 2012-ல் வந்த 3.3 பதிப்பிலிருந்து கெர்னலில் அதற்கு டிரைவர் இருக்கிறது. ஏஎச்சிஐ முறையில் இயங்கும் சாட்டா கார்டுகள், எக்ஸ்எச்சிஐ முறையில் இயங்கும் யுஎஸ்பி 3 விரிவாக்கக் கார்டுகள், கீபோர்டு, மவுஸ், பென் டிரைவ், யுஎஸ்பி ஆடியோ வகுப்பைப் பின்பற்றும் மைக், யுவிசி முறையைப் பின்பற்றும் வெப்கேம் எல்லாம் இந்த வகைதான். எச்டிஎம்ஐ கேப்சர் சாதனம் வாங்குபவர்கள் விவரக் குறிப்பில் "யுவிசி" என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும், பாதிக் கவலை தீர்ந்தது.

கவனம் தேவைப்படுவது இவற்றுக்கு வெளியே நிற்பவற்றில்: வைஃபை, கிராபிக்ஸ், பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு கார்டுகள், டிவி ட்யூனர்கள், உயர்ரக சவுண்ட் கார்டுகள். இவற்றில் ஒவ்வொரு தயாரிப்பாளரின் சிப்பும் தனி மொழி பேசும்.

## கெர்னல் பதிப்பும் வழங்கலின் கத்தரியும்

இன்டெலின் வைஃபை கார்டுகளை எடுத்துக்கொள்வோம். லினக்ஸுக்கான டிரைவரை இன்டெலே எழுதிக் கெர்னலுக்குள் சேர்க்கிறது. எந்தக் கார்டுக்கு எந்தப் பதிப்பு வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறது. ஏஎக்ஸ்200-க்கு 5.1 அல்லது அதற்கு மேல். ஏஎக்ஸ்210-க்கு 5.10 அல்லது அதற்கு மேல்.

இதில் இரண்டாவது கார்டை உபுண்டு 20.04 உள்ள கணினியில் செருகினால் என்ன ஆகும்? அந்த வெளியீட்டின் தொடக்கக் கெர்னல் 5.4. கார்டின் எண் 8086:2725 என்று பட்டியலில் வரும், டிரைவர் வரியில் ஒன்றும் இருக்காது. அதே உபுண்டு 20.04-ல் பிந்தைய வன்பொருள்களுக்காகத் தரப்பட்ட 5.15 கெர்னலைப் போட்டுத் திரும்பத் தொடங்கினால் அதே கார்டுக்கு டிரைவர் கிடைத்துவிடும். கணினி, கார்டு, வழங்கல் எதுவும் மாறவில்லை. "ஓடும்" என்றவரும் "ஓடாது" என்றவரும் ஒரே வெளியீட்டின் பெயரைச் சொல்லியே சண்டை போடுவது இதனால்தான்.

எண்களைக் கூட்டிக் கழிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 5.10 என்பது 5.4-க்குப் பிந்தையது. தசம எண் போலப் படித்துவிடக் கூடாது. உங்கள் கெர்னல் எது என்று அறிய, டெர்மினலில் யு-என்-ஏ-எம்-ஈ என்று தட்டி, இடைவெளி விட்டு, கோடும் ஆர் எழுத்தும் சேர்த்தால் போதும்.

கெர்னல் ஆதரிப்பதை வழங்கல் நீக்கிவிடுவதும் உண்டு. வீட்டில் சேமிப்புச் சர்வர் அமைப்பவர்கள் பல வட்டுகளை இணைப்பதற்காக விரும்பி வாங்கும் பழைய எல்எஸ்ஐ எஸ்ஏஎஸ்2008 கார்டு ஒன்று இருக்கிறது, எண் 1000:0072. பொதுவான கெர்னலில் அதற்கு டிரைவர் இருக்கிறது. ஆனால் ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 வெளியானபோது, தாங்கள் இனி ஆதரிக்காத பழைய கார்டுகளின் எண்களை டிரைவரின் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டார்கள். டிரைவர் கோப்பு இருக்கும், எண் இருக்காது. அதனால் கெர்னல் பதிப்பை மட்டும் பார்த்து ஏழாம் வெளியீட்டிலிருந்து எட்டுக்குப் போனவர்களின் வட்டுகள் காணாமல் போயின. நிறுவனப் பயன்பாட்டுக்கான வழங்கல்களில் மேம்படுத்தும் முன் வெளியீட்டுக் குறிப்பில் நீக்கப்பட்ட கார்டுகளின் பட்டியலைப் படிப்பது கட்டாயம்.

## ஃபர்ம்வேர்: டிரைவர் இருந்தும் ஓடாத மர்மம்

வைஃபை கார்டுக்குள்ளும் கிராபிக்ஸ் கார்டுக்குள்ளும் சிறு ப்ராசஸர்கள் இருக்கின்றன. அவற்றில் ஓடும் நிரல்தான் ஃபர்ம்வேர். பல கார்டுகள் அதைத் தங்களுக்குள் நிரந்தரமாக வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் டிரைவர்தான் வட்டிலிருந்து ஒரு கோப்பை எடுத்துக் கார்டுக்குள் ஊட்ட வேண்டும். பெரும்பாலான ஃபர்ம்வேர்களின் மூல நிரல் வெளியிடப்படுவதில்லை. எனவே அவை கெர்னலுக்குள் இல்லாமல், லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்ற தனித் தொகுப்பாக வருகின்றன.

கட்டற்ற மென்பொருள் கொள்கையில் உறுதியான டெபியன், இந்தக் கோப்புகளை நெடுங்காலம் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்க்கவில்லை. அதனால் நிறுவும்போதே வைஃபை வராமல் ஈதர்நெட் கம்பியைத் தேடியவர்கள் ஏராளம். 2022-ல் டெபியன் உறுப்பினர்கள் இதற்கு வாக்கெடுப்பு நடத்தினார்கள். அந்த முடிவின்படி, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் நிறுவல் வட்டிலேயே வருகிறது. என் பார்வையில் அது சரியான முடிவு. வலையில் இணைய முடியாத கணினியில் கட்டற்ற மென்பொருளை யாரும் கற்றுக்கொள்ள முடியாது.

ஃபர்ம்வேர் ஏறியதா என்று பார்க்கக் கெர்னலின் பதிவேட்டைப் படிக்க வேண்டும். கட்டளை டி-எம்-ஈ-எஸ்-ஜி, பல வழங்கல்களில் முன்னால் நிர்வாகி உரிமை தரும் சூடோ என்ற சொல் வேண்டும். அதில் டிரைவரின் பெயரோடு, ஃபர்ம்வேர் ஏற்றம் தோல்வி, பிழை -2 என்ற பொருளில் ஆங்கில வரி வந்தால் அந்தப் பெயரில் கோப்பு இல்லை என்று அர்த்தம். ஆனால் அந்த ஒரு வரியைப் பார்த்ததும் பயந்துவிடக் கூடாது. இன்டெல் டிரைவர் முதலில் மிகப் புதிய ஃபர்ம்வேரைக் கேட்கும். இல்லையென்றால் அடுத்ததைக் கேட்கும். இப்படியே ஒவ்வொரு படியாக இறங்கிவரும். நான்கைந்து தோல்வி வரிகளுக்குக் கீழே "லோடட் ஃபர்ம்வேர் வெர்ஷன்" என்று ஒரு வரி இருந்தால் எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கிறது. அந்த வரியும் இல்லையென்றால்தான் தொகுப்பைப் புதுப்பிக்க வேண்டும்.

## "லினக்ஸ் ஆதரவு உண்டு" என்று அச்சடித்த பெட்டி

பெட்டியில் லினக்ஸின் சின்னமான பென்குவின் படத்தைப் பார்த்ததும் நிம்மதியடைபவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

லினக்ஸ் ஆதரவு என்ற ஒரே சொல் இரண்டு வேறு விஷயங்களைக் குறிக்கிறது. ஒன்று, டிரைவர் கெர்னலுக்குள் இருப்பது. இன்டெல், ஏஎம்டி ஆகியவை பெரும்பாலும் இப்படித்தான் செய்கின்றன; மீடியாடெக் வைஃபை சிப்புகள் பலவற்றுக்கான எம்டி76 டிரைவரும் கெர்னலுக்குள்தான் இருக்கிறது. மற்றொன்று, நிறுவனம் தன் தளத்தில் ஒரு மூல நிரல் பொட்டலத்தை வைத்திருப்பது. "லினக்ஸ் கெர்னல் 2.6 முதல் 4.4 வரை" என்பது போல ஒரு வரி விவரக் குறிப்பில் இருந்தால் அது இந்த இரண்டாவது வகை. 4.4 வெளியானது 2016 ஜனவரியில். அந்தப் பொட்டலத்தை அதன் பிறகு யாரும் தொடவில்லை என்றுதான் அந்த வரி சொல்கிறது.

இதில் என்ன கெடுதல்? கெர்னல் தன் உள் இடைமுகங்களை மாற்றாமல் வைத்திருப்பதாக யாருக்கும் உறுதி கொடுக்கவில்லை. தேவைப்பட்டால் மாற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் டிரைவர்களை, மாற்றம் செய்பவர்களே சேர்த்துத் திருத்திவிடுவார்கள். வெளியே இருக்கும் பொட்டலத்தைத் திருத்த யாரும் இல்லை. ஆகவே இன்று மூல நிரலிலிருந்து தொகுத்து (கம்பைல் செய்து) போட்ட டிரைவர், அடுத்த கெர்னல் மேம்பாட்டில் உடையும். டெல் நிறுவனத்தில் உருவான டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு, ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் டிரைவரைத் தானாகத் திரும்பத் தொகுத்துத் தரும். அதனால் கைவேலை குறையும், ஆனால் நிரலே பழையதாகிவிட்டால் தொகுப்பு தோற்றுப்போகும். வைஃபை டிரைவர் உடைந்தால் திருத்திய பதிப்பை இறக்க இணையமும் இருக்காது. கைப்பேசியை யுஎஸ்பி-யில் செருகி டெதரிங் போட்டுத்தான் மீள வேண்டும்.

செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு. கையொப்பமில்லாத மாட்யூல்களைப் பெரும்பாலான வழங்கல்கள் ஏற்க மறுக்கும். நீங்களே ஒரு சாவியை உருவாக்கி, கணினியில் பதிவுசெய்து, மாட்யூலுக்குக் கையொப்பமிட வேண்டும். செய்யக்கூடியதுதான். ஆனால் புதிதாக வருபவர் முதல் நாளிலேயே இதில் மாட்டிக்கொண்டால் லினக்ஸே வேண்டாம் என்று திரும்பிவிடுவார். இருநூறு, முந்நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் கெர்னலுக்குள் டிரைவர் உள்ள சிப்பை வாங்குவதே மேல் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

## கிராபிக்ஸ் கார்டுக்குத் தனிக் கணக்கு

ஏஎம்டி கார்டுகளுக்கான ஏஎம்டிஜிபியு டிரைவர் 2015-ல் வந்த 4.2 முதல் கெர்னலில் இருக்கிறது. அது பாதி வேலைதான் செய்யும்; முப்பரிமாணம் வரையும் மறுபாதி மெசா என்ற திறந்த மூலத் தொகுப்பில் இருக்கிறது. புத்தம்புதிய கார்டுக்குக் கெர்னல், மெசா, ஃபர்ம்வேர் மூன்றுமே புதியவையாக வேண்டும். 2022 டிசம்பரில் வந்த 6.1 கெர்னலோடு இருக்கும் டெபியன் 12-க்கு, 2025-ல் சந்தைக்கு வந்த ரேடியான் 9070 வரிசையைப் பற்றித் தெரிந்திருக்க வழியில்லை. அதே டெபியனில் ஐந்தாறு வருடம் பழைய ஏஎம்டி கார்டு செருகியவுடன் ஓடும். லினக்ஸுக்கு வாங்கும்போது கொஞ்சம் பழைய கார்டு பல நேரம் நல்ல தேர்வு.

என்விடியாவில் நிலைமை தலைகீழ், பழையதாக ஆக ஆகச் சிக்கல். கெர்னலுக்குள் இருக்கும் நூவோ டிரைவரைத் தன்னார்வலர்கள் கார்டின் நடத்தையை ஆராய்ந்தே எழுதினார்கள். 2010-ல் கெர்னலுக்குள் வந்தது. திரையில் படம் வரும், ஆனால் ஜிடிஎக்ஸ் 900 வரிசையிலிருந்து ஃபர்ம்வேருக்கு என்விடியாவின் கையொப்பம் தேவைப்பட்டதால் முழு வேகத்தை எட்ட முடியவில்லை. எனவே பெரும்பாலானோர் என்விடியாவின் சொந்த டிரைவரைத்தான் போடுகிறார்கள். 2022 மே மாதம் அந்த நிறுவனம் தன் கெர்னல் மாட்யூல்களின் மூல நிரலை வெளியிட்டது. அது ட்யூரிங் தலைமுறைக்கும் பிந்தையவற்றுக்கும் மட்டுமே பொருந்தும். ஜிடிஎக்ஸ் 1060, 1050 டிஐ போன்றவை அதற்கு முந்தைய பாஸ்கல் தலைமுறை; அவற்றை ஆதரிக்கும் கடைசி டிரைவர் வரிசை 580 என்று அறிவித்துவிட்டார்கள். பழைய கார்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று இவற்றை வாங்குபவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

## கெர்னலைக் குறை சொல்லும் முன் ஸ்லாட்டைப் பாருங்கள்

கார்டே பட்டியலில் வரவில்லை என்ற நான்காவது நிலை இது. அடிக்கடி பார்ப்பவை நான்கு.

1. ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ஆகிய இன்டெல் கார்டுகள் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 போலவே இருக்கும், அதே எம்.2 ஸ்லாட்டில் பொருந்தவும் செய்யும். ஆனால் அவை முழுக் கார்டுகள் இல்லை. வைஃபையின் ஒரு பகுதி இன்டெல் ப்ராசஸர் அல்லது சிப்செட்டுக்குள் இருக்கும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டவை. அந்த ஏற்பாடு இல்லாத போர்டுகளிலும், ஏஎம்டி கணினிகளிலும் எந்த இயங்குதளத்திலும் ஓடா. கடைசி இலக்கம் 0-வா 1-ஆ என்று பார்த்து வாங்குங்கள்.

2. டெஸ்க்டாப்புக்கான வைஃபை-புளூடூத் கார்டில் வைஃபை பிசிஐ வழியாகவும் புளூடூத் யுஎஸ்பி வழியாகவும் போகும். கார்டோடு ஒரு மெல்லிய கேபிள் வரும். அதன் மறுமுனையை மதர்போர்டில் உள்ள யுஎஸ்பி பின் வரிசையில் செருக வேண்டும். அந்தக் கேபிள் பெட்டியிலேயே கிடக்க, "லினக்ஸில் புளூடூத் வரவில்லை" என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் பலர்.

3. நான்கு என்விஎம்இ எஸ்எஸ்டி-களை ஒரே 16 லேன் ஸ்லாட்டில் செருக உதவும் மலிவு அடாப்டர்களுக்கு, அந்த ஸ்லாட்டை நான்காகப் பிரித்துத் தரும் வசதி, கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான மதர்போர்டின் பயாஸில் வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஒரு எஸ்எஸ்டி மட்டும் தெரியும்.

4. சில பழைய மடிக்கணினிகளின் பயாஸ், தான் அனுமதித்த வைஃபை கார்டுகளைத் தவிர வேறு எதையும் ஏற்காது. திரையில் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும்.

## வாங்கும் முன், வரிசையாக

1. மாடல் பெயரோடு வன்பொருள் பதிப்பையும் குறித்துக்கொண்டு, அதில் உள்ள சிப்பின் பெயரையும் எண்ணையும் கண்டுபிடியுங்கள். லினக்ஸ் பயனர்கள் தங்கள் கணினி விவரங்களைப் பதிவேற்றும் லினக்ஸ்-ஹார்ட்வேர்.ஆர்க் தளத்தில் எண்ணைக் கொண்டு தேடலாம்.

2. அந்த எண் உங்கள் கெர்னலுக்குத் தெரியுமா என்று கார்டு கையில் இல்லாமலேயே சோதிக்கலாம். வட்டின் லிப் ஃபோல்டருக்குள் மாட்யூல்ஸ், அதற்குள் உங்கள் கெர்னல் பதிப்பின் பெயரில் ஒரு ஃபோல்டர், அதில் மாட்யூல்ஸ்.அலியாஸ் என்ற உரைக்கோப்பு. மேலே சொன்ன டிரைவர் பட்டியல்கள் எல்லாம் சேர்ந்திருப்பது இங்குதான். ஏஎக்ஸ்200-க்கு வி00008086டி00002723 என்று ஆங்கில எழுத்தில் தேட வேண்டும். வி, டி இரண்டும் சிறிய எழுத்து. பிசிஐ எண்களுக்கு முன்னால் நான்கு பூஜ்யம் சேரும், எண்ணுக்குள் வரும் ஏ முதல் எஃப் வரை பெரிய எழுத்தாக இருக்கும். யுஎஸ்பி என்றால் கூடுதல் பூஜ்யங்கள் இல்லை, டி-க்குப் பதில் பி: வி0சிஎஃப்3பி9271. வரி கிடைத்தால் அதன் கடைசிச் சொல் டிரைவரின் பெயர். கெர்னலோடு சேர்த்தே கட்டப்பட்ட சில டிரைவர்கள் மட்டும் இந்தக் கோப்பில் வராது.

3. பழைய கார்டை நேரில் வாங்குகிறீர்கள் என்றால் உபுண்டுவோ மின்ட்டோ உள்ள லைவ் பென் டிரைவைக் கொண்டுபோங்கள். கடைக்காரர் கணினியில் எதையும் நிறுவாமல் அதிலிருந்தே தொடங்கி, இரண்டு நிமிடத்தில் டிரைவர் வரியைப் பார்த்துவிடலாம்.

4. "ஓட வேண்டும்" என்பதை வரையறுத்துக்கொள்ளுங்கள். வைஃபை டாங்கிள் இணையத்தில் இணைந்தாலும் ஹாட்ஸ்பாட் ஆகாமல் போகலாம். கிராபிக்ஸ் கார்டு விளையாட்டுகளை நன்றாக ஓட்டினாலும் ஏஐ கணக்கீட்டுக்கான ஏஎம்டியின் ஆர்ஓசிஎம் தொகுப்பு அந்த மாடலை ஆதரிக்காமல் இருக்கலாம். எந்த வேலைக்கு வாங்குகிறீர்களோ அந்த வேலையின் பெயரோடு தேட வேண்டும்.

5. எண் எங்குமே கிடைக்கவில்லையென்றால் திருப்பித் தரும் வசதியோடு மட்டும் வாங்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சிக்கி, யாரிடமாவது உதவி கேட்கிறீர்களா? வழங்கலின் பெயரையும் வெளியீட்டு எண்ணையும், கெர்னல் பதிப்பையும், கார்டின் எண்ணோடு கூடிய மூன்று வரிகளையும், டிரைவரின் பெயர் வரும் பதிவேட்டு வரிகளையும் படமாக எடுக்காமல் எழுத்தாகவே நகலெடுத்து அனுப்புங்கள். "வைஃபை வரவில்லை" என்று மட்டும் எழுதினால், எதிரில் இருப்பவர் முதலில் கேட்கப்போவது சிப்பின் எண்ணைத்தான்.